தடைசெய்யப்பட்ட பொருள்

பர்லியாறு சோதனைச்சாவடியில்
ஆறு வருஷமாய் என் வேலை
கார்க் கண்ணாடியைத் தட்டிக் கேட்பது:
"பாட்டில் இருக்கா சார்?"
இல்லை என்பார்கள்.
சீட்டுக்கடியில் உருளும் சத்தம்
இருக்கு என்னும்.

போன வைகாசி, சீசன் கூட்டம்.
வெள்ளை வண்டி ஒன்று நிற்காமல் போய்
வளைவில் ஒரு பாட்டிலை வீசியது.
ஓடினேன். யாரும் ஓடச் சொல்லவில்லை.
மழைநீர்க் கால்வாயில் பாதம் நின்றுகொண்டது,
உடம்பு மட்டும் திரும்பியது.
டொப்பென்று ஒரு சத்தம்.
பலா விழுந்ததென்று
மரத்தை அண்ணாந்து பார்த்தாளாம் பெள்ளி.

அதற்குப் பிறகு
ஏறும்போது ஒன்றும் சொல்லாது முழங்கால்.
இறங்கும்போதுதான்
என்னைக் கேட்காமல் விட்டுக்கொடுக்கும்.
குடியிருப்புக்கு நாற்பத்திரண்டு படி.
விட்டுக்கொடுத்துப் போ என்று
கல்யாணத்தில் சொல்லியனுப்பிய புத்தி
காலில் போய்ப் பலித்திருந்தது.

கோயம்புத்தூரில்
ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் தணிகைவேலன் சொன்னார்:
ஜவ்வு அறுந்திருக்கு.
தொடையிலிருந்து தசைநார் எடுத்து வைக்கலாம்,
ஊறிப் பிடிக்க ஒன்பது மாசம்.
தினக்கூலிக்கு ஏது ஒன்பது மாசம்?
அப்படியென்றால், என்று
மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார்
வெள்ளையாய் ஒரு நாடா,
ஷூ லேஸைவிடக் கொஞ்சம் தடிமன்.
"பாலியெஸ்டர்."

எந்தப் பாலியெஸ்டர் என்றேன்.
சேலை, குடைத்துணி, தண்ணீர் பாட்டில்,
எல்லாம் ஒரே வம்சம்தான் என்றார்.
சிரித்துவிட்டேன்.
அவருக்குப் புரியவில்லை.

தோட்டை அடகு வைத்தேன்.
காதுத் திருகாணி போய்
காலுக்கு இரண்டு திருகாணி வந்தது,
எலும்புக்கு ஒன்றாய்.
ஐப்பசியில் சாவடிக்குத் திரும்பியபோது
சாக்கை விரித்துப் பிடித்தாள் பெள்ளி:
"மொதல்ல நீ இதுல இறங்குடி,
அபராதம் கட்டிட்டு மேல போ."

சாவடிப் பலகையில் எழுதியிருக்கிறது
மக்க நானூறு வருஷம் ஆகுமென்று.
டாக்டரோ
எட்டோ பத்தோ, தேய்ந்து இழை பிரியலாம்,
உறுதி சொல்ல முடியாது என்கிறார்.
யானை லத்தியில்
நிறம்கூட மாறாமல் வந்த மூடியை
நானே பொறுக்கியிருக்கிறேன்.
காட்டில் கிடந்தால் நானூறு,
என்னைச் சுமந்தால் பத்தா?
நான் அவ்வளவு கனமா?

படி இறங்கும்போது இப்போது
கைப்பிடிச் சுவரைத் தொடுவதில்லை.
மழைநாளில் மட்டும்
உள்ளே ஒரு க்ளிக்,
யாரோ மூடி திருகுவதுபோல.

நேற்று ஒரு குழந்தை
நான் தட்டும் முன்பே
ஜன்னல் இறக்கி நீட்டியது,
பாதி தண்ணீரோடு.
திறந்து வேலியோரச் செடிக்கு ஊற்றினேன்.
நசுக்கித்தான் சாக்கில் போட வேண்டும், விதி.
இடது காலைத் தூக்கி வைத்தேன்.
பிறகு எடுத்துவிட்டு
வலது காலால் மிதித்தேன்.