ஈரப்பதம் தொண்ணூற்று நான்கு

ஃபோர்ட் கேனிங் புல்வெளியில்
கூடாரத்தின் கூரை தொங்குகிறது,
கறக்க மறந்த எருமை மடிபோல.
துடைப்பக் கட்டையால் ஒருவன் முட்டித் தள்ள
மொத்தமும் கொட்டுகிறது
ஒட்டிவைத்த நிகழ்ச்சி நிரலின் மேல்.
மை கரைந்து
அல்ஜீரியா மங்கோலியாவுக்குள் ஓடுகிறது.

நான் மேடை மேலாளர்.
கழுத்தில் அட்டை, இடுப்பில் வாக்கி டாக்கி,
காலில் மகளின் மஞ்சள் மழைச்செருப்பு.
ஆறே முக்காலுக்கு வந்த முதல் புகார்
கபீலியாவின் தஸ்ஸாதித்துடையது.
பெந்திரைத் தூக்கிப் பிடித்து
நடுவில் ஒரு விரலால் தட்டினாள்.
தொப்.
ஈரத் துண்டு தரையில் விழும் சத்தம்.
அவளுக்கும் எனக்கும் பொதுவாய்
இருபது சொல்கூட இல்லை.
அந்தத் தொப் போதுமானதாய் இருந்தது.

அடுத்து தவசீலன்.
பகலில் வீவக மின்தூக்கிகளுக்கு வைத்தியம்,
இரவில் உறுமி.
"அக்கா, காய்ஞ்ச அட்டைப்பெட்டி ஒண்ணு, தீப்பெட்டி ஒண்ணு.
கார்நிறுத்தத்துக்குப் பின்னால
ரெண்டே நிமிஷம் காய்ச்சிட்டு வந்துடறேன்."
தீ கூடாது தம்பி,
பக்கம் பதினேழு, விதி நான்கு.
"அப்ப இன்னிக்கு இது உறுமாதுக்கா.
முனகும்."

கெயிலாங் சிராயிலிருந்து வந்த பஹாருதீன்
பன்னிரண்டு கொம்பாங்குகளையும் கவிழ்த்துப் போட்டு
சட்டத்துக்கும் தோலுக்கும் நடுவே
பிரம்பு திணித்துக்கொண்டிருந்தார்.
இந்த ஊரிலேயே பிறந்ததுக்கே தாங்கலையே என்றார்,
புகாரா பெருமையா தெரியவில்லை.

பயர்மா
தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி
குதிரைத்தலைப் பிடிலுக்குப் போர்த்தியிருந்தாள்.
பனிக்காட்டில் பிறந்த வாத்தியம்
இங்கே கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

என் பையில் ஒரு ஹேர் டிரையர் இருந்தது.
டிசம்பரில் என் தலையைப் பார்த்தவர்கள்
ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

முதலில் பெந்திரின் ஆடு.
பிறகு உறுமியின் இரண்டு முகமும்.
பிறகு கொம்பாங் ஒவ்வொன்றாய்.
தஸ்ஸாதித் கைத்துப்பாக்கிபோல் பிடித்துக்கொள்ள
தவசீலன் தோசை திருப்புவதுபோல் திருப்ப
பஹாருதீன் விளிம்பைச் சுண்டிச் சுண்டி
"பெலும்... பெலும்..." என்றார்.
இன்னும் இல்லையாம்.
பயர்மா மட்டும் தள்ளி நின்றாள்.
மயிருக்குச் சூடு ஆகாதென்று
சைகையில் சொன்னவள்
சான்றுக்கு என் தலையைக் காட்டினாள்.

தொப் என்றது தப் என்றாகி
தப் என்றது டிம் என்றாகும் நேரம்,
ஏழு இருபத்தெட்டு,
ஒன்பதாவது கொம்பாங்கில்
எல்லாம் அணைந்தது.
மேடை விளக்கு, ஒலிமேசை,
சாத்தே கடையின் மின்விசிறி.
குடைகளுக்கடியிலிருந்து நீளமாய் ஒரு "ஓ".
இடுப்பில் நான்கு பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

இருட்டில் யாரோ,
யாரென்று இன்றுவரை தெரியாது,
சூடு ஆறுமுன் ஒன்று போட்டுப் பார்த்தார்.
ணங்.
அப்படியில்லை, இப்படி என்றது இன்னொன்று.
மூன்றாவது வந்து இரண்டோடும் சண்டைக்கு நின்றது.
உறுமி எல்லார் காலையும் இழுத்தது.

சேரவில்லை.
நேர்மையாகச் சொல்கிறேன்,
மூன்றும் கடைசிவரை சேரவேயில்லை.
ஐந்துகால் மாட்டையும் ஏழுகால் மாட்டையும்
ஒரே வண்டியில் பூட்டிய மாதிரி.
கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு குழந்தை
எதற்குக் குதிப்பதென்று தெரியாமல்
எல்லாவற்றுக்கும் குதித்தது.
நான் வாக்கி டாக்கியின் காதைத் திருகி
வாயை மூடினேன்.

மின்சாரம் வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்,
மாங்காயும் கையுமாய்ப் பிடிபட்டவர்கள்போல.
பிறகு நடந்த நிகழ்ச்சி
நிரலில் அச்சடித்தபடியே நடந்தது.

அறிக்கையில் எழுதினேன்.
தாமதம்: பதினொரு நிமிடம்.
காரணம்: வானிலை.

மறுநாள் காலை, புக்கிட் பாஞ்சாங், ஒன்பதாவது மாடி.
குளித்துவிட்டுத் தலை உலர்த்தினேன்.
வெதுவெதுவென்று வந்தது
ஆட்டுத்தோல், ஆமணக்கெண்ணெய்,
யாருடையதோ புகையிலை.
மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு
வாசலுக்கே ஓடிவிட்டாள்.
"என்னம்மா வாடை இது?"

வானிலை என்றேன்.
இன்னும் கொஞ்சம் நேரம்
அணைக்காமல் பிடித்திருந்தேன்.