தாய்மாமனுக்குக் கட்டம் இல்லை

அக்கா ஈப்போவிலிருந்து எழுப்பியபோது மணி நாலரை.
அவளுக்கு அங்கே ஏழு.
"தம்பி, பிள்ளை ஒங்க ஊருக்கு வர்றான்.
சும்மா இல்ல, நாட்டுக்கு விளையாட வர்றான்.
போயி மூஞ்சியப் பாத்துட்டு வா."

ஒங்க ஊரு.
செல்லூரில் பிறந்தவள்.
இருபத்து நாலு வருசத்தில் எந்த நாளில்
ஊரை என் பேருக்கு எழுதிக் கொடுத்தாள்?
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அழகர்கோயில் சாலை ஓட்டல்.
முன்வாசலில் மோப்ப நாய், இரும்புத் தடுப்பு,
நோட்டோடு ஒரு காவலர்.
யாரைப் பார்க்கணும்?
மலேசியா கோல்கீப்பரை.
நீங்க?
தாய்மாமன்.
பேனா நின்றது.
"அண்ணே, அதுக்கு இதுல கட்டம் இல்லையே."

காது குத்த மடி கொடுத்தவன்,
நாளைக்கு அவன் கல்யாணத்தில்
முதல் மாலை எடுக்கிற கை,
இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்ல?

டப்பாவைத் திறக்கச் சொன்னார்.
பூங்கோதை பிடித்த பொருள்விளங்கா உருண்டை,
கல்லு மாதிரி பன்னிரண்டு.
"இதென்ன, பந்தா?"
வெளித் தின்பண்டம் உள்ளே போகாதாம்.
டப்பா அங்கேயே தங்கிவிட்டது.

மறுநாள் விடிய ஐந்தே முக்கால்.
அதே ஓட்டல், பின்வாசல்.
வாரம் மூன்று நாள் நான் போகிற வாசல்:
சமையல்கட்டுக்கு இருபது லிட்டர் கேன், நாற்பது.
நிறைகுடம் தளும்பாது என்று சொன்னவர்
கோரிப்பாளையம் பள்ளத்தில்
வண்டி இறக்கிப் பார்த்ததில்லை.

ஈரத் தோளோடு நடைக்குள் திரும்பினால்
எதிரே ஆறடி இரண்டங்குலம்.
அக்காவின் மூக்கு, மச்சானின் தாடை,
நெஞ்சில் வேறொரு கொடி.
"மாமாதானே? இந்தப் பக்கம் வருவீங்கன்னு
அம்மா மெசேஜ் போட்டாங்க."
கேனை இறக்கத் தோன்றாமல் நின்றேன்.
அவன்தான் இறக்கினான்,
ஒற்றைக் கையால்.

"சாப்டீங்களா மாமா? இங்க ரொம்பச் சூடு லா."
கடல் தாண்டி வளர்ந்த தமிழ்,
என் தமிழைவிட ஒரு பிடி மரியாதை கூடுதல்.
எனக்குப் பேச்சு வரவில்லை.
காதைக் காட்டு என்றேன்.
பாண்டி கோயிலில் அன்றைக்கு
என் வேட்டியை நனைத்துக்கொண்டு கத்தியவன்
இன்றைக்கு முதுகை வளைத்துக் குனிந்து கொடுத்தான்.
துளை தூர்ந்து
கடுகளவு தழும்பு.
தொட்டேன்.
விசில் கேட்டது. ஓடிவிட்டான்.

சாயங்காலம் ரேஸ்கோர்ஸ் மைதானம்.
நீலத் தரை. சுற்றிலும் நீலச் சட்டை.
என் சட்டை வெள்ளை,
யோசித்துப் போட்டதுதான்.
மூன்றாம் கால் பகுதியில் பெனால்ட்டி ஸ்ட்ரோக்.
அடிக்கப்போவது நம்ம பையன்.
தடுக்கப்போவதும் நம்ம பையன்.
அடித்தான்.
இடது காலை எறிந்து விழுந்தான் தர்விந்திரன்.
பந்து கம்பத்துக்கு வெளியே.

மைதானம் மொத்தமும் "ச்சே" என்றது.
அதற்குள் எங்கோ ஒற்றைக் கைத்தட்டல்.
பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்த பிறகுதான்
அது என் கை என்று தெரிந்தது.
"அண்ணே, நீங்க எந்தப் பக்கம்?"
"பொண்ணு குடுத்த பக்கம்."
கொஞ்சம் யோசித்தான்.
பிறகு வேர்க்கடலைப் பொட்டலத்தை
என் பக்கமாகத் திருப்பினான்.

மூன்றுக்கு ஒன்று. இந்தியா.
ராத்திரி அக்கா:
"டிவியில பாத்தேன். அவன் தடுத்தப்ப
அத்தனை சனமும் கம்முனு இருந்துச்சே,
நீ எங்கடா போன?"
"தட்டுனேன்க்கா."
"எனக்குக் கேக்கலையே."

வியாழக்கிழமை முப்பது கேன் போதும் என்றார்கள்.
அணி கிளம்பியாயிற்று.
வண்டியைத் திருப்பும்போது
முன்வாசல் காவலர் கைகாட்டி நிறுத்தினார்.
டப்பா. கழுவி, துடைத்து, காலியாக.
"உருண்டை அருமை, தாய்மாமா.
ஒரு பல்லுதான் ஆடுது."