யாருடைய இடது?

நாற்பத்தாறு பக்கம். பம்ப் ஒன்றை
நிறுத்த, திறக்க, கழுவ, மறுபடி ஓட்ட.
நான்கு மொழிகளில் தமிழ் என் பங்கு.
வெள்ளி மாலை அனுப்பியது
திங்கள் காலை திரும்பி வந்தது
ஓரமெல்லாம் ஊதாக் குறிப்புகளோடு.
சிவப்பு அபாயத்துக்கு மட்டும் என்பாள் ஜெசிந்தா.

பாதிக்கு மேல் ஒற்றுகள்.
வால்வை திற என்றிருந்தேன்.
வால்வைத் திற என்று ஆக்கியிருந்தாள்.
இந்த 'த்' இல்லாததால்
இதுவரை எந்த வால்வும் திறக்க மறுத்ததில்லை
என்று பதில் எழுதி, அழித்து,
கோப்பி குடிக்கக் கீழே இறங்கினேன்.

பன்னிரண்டாம் பக்கத்தில்தான் அது.
இடது பக்கக் கைப்பிடியை முதலில் மூடவும்.
ஐந்தே சொல். ஒற்றுகூடச் சரி.
பக்கத்தில் அவள் கேட்டது இரண்டு சொல்:
யாருடைய இடது?

அன்று முழுக்க எரிச்சல்.
ஆங்கிலத்திலும் இடதுதான்,
பொறியாளர் மூவரின் கையெழுத்தோடு.
இவள் ஸ்பானர் பிடித்திருப்பாளா?
சோற்றுக்கை எது, பீச்சாங்கை எது என்று
இனி அட்டவணை போட வேண்டுமா?
படத்தைப் பார்க்கவும் என்று எழுதினேன்.
பார்த்தேன், படம் முன்னாலிருந்து எடுத்தது.
ஆள் எங்கிருந்து வருவார்?

தெரியாது.
அதை அவளிடம் எழுத வெட்கப்பட்டு
பாய லேபாரில் ரயிலேறினேன்.
பூன் லேயில் பெட்டி காலியானது.
எதிரே பாதுகாப்புக் காலணியோடு இருவர்
தலைக்கவசத்தை மடியில் வைத்துத் தூங்கினார்கள்,
பச்சைக் கோடு துவாஸில் முடியும் வரை.

பம்ப் சுவரைப் பார்த்து நின்றது.
அதன் முகத்துக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு பூனை போகலாம், ஒல்லியானது.
இரவு ஷிப்ட் முடித்த அடைக்கலம்
பின்பக்கமாக வந்து, குழாய்மேல் வயிற்றைச் சாய்த்து,
எட்டிப் பார்க்காமல் கையால் துழாவிப் பிடித்தார்.
"இதுதானே சார் லெஃப்ட்டு?"

என் படத்தில் அது வலது.
அதை முதலில் மூடினால்
உள்ளே கொதிப்பது வெளியேற வழியில்லை.

"பழைய புத்தகத்துலயும் இப்படித்தான் இருக்கும் சார்.
நாங்க மஞ்ச டேப் சுத்தி வெச்சுருக்கோம்."

திரும்பும்போது ரயிலிலேயே எழுதினேன்:
மஞ்சள் நாடா சுற்றிய கைப்பிடியை முதலில் மூடவும்.
கிளமென்ட்டி வருவதற்குள் பதில்:
நாடா கிழிந்தால்?

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
காலணிக்காரர்கள் யாரும் இல்லை, நல்லவேளை.
அடுத்த வாரம் இரண்டு கைப்பிடிகளுக்கும்
எண் பொறித்த எஃகுத் தகடு வந்தது.
மற்ற மூன்று மொழிகளிலும் இடது செத்தது.

முப்பத்தோராம் பக்கத்தில் என் முறை.
மூடியைத் தளர்த்தவும் என்பதை
முந்தைய பக்கத்தோடு ஒத்துப்போகட்டும் என்று
கழற்றவும் ஆக்கியிருந்தாள்.
முன்பென்றால் 'எழுதியபடி விடவும்' என்று முடித்திருப்பேன்.
இம்முறை காரணம் எழுதினேன்:
தளர்த்தினால் நீராவி மெல்லக் கசியும்.
கழற்றினால் முகத்துக்கு வரும்.

மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன்.
கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.
இதை எனக்குச் சொல்கிறாய்,
அவர்களுக்கு ஏன் சொல்லவில்லை?

அந்த இரண்டு வரியும் இப்போது
முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கின்றன,
கட்டத்துக்குள், சிவப்பில்.

அடுத்த கையேடு ஒரு கொதிகலன்.
அனுப்பும் முன் ஓரத்தில் நானே குறித்தேன்:
ஆள் எந்த பக்கம் நிற்பார் என்று தெரியாது.
நாளை துவாஸ் போகிறேன்.

மாலையில் திரும்பி வந்தது.
கேள்வி ஒன்றும் இல்லை.
'எந்த'வுக்கும் 'பக்க'த்துக்கும் நடுவில் மட்டும்
ஊதாவில் ஒரு 'ப்'.