பெயர்ச்சீட்டு இல்லாத உறை

ஒரே கொடி.
நொரீன் மக்கின்லி அதை மூன்றாக நறுக்கினாள்.
ஒரு துண்டு பாலினாவின் கடல்மணலில்,
ஒன்று லிஸ்மோர் ஓடைக்கரைச் சேற்றில்,
மற்றது டென்டர்ஃபீல்டு மேட்டில்,
கருங்கல் பொடிந்து மண்ணான இடத்தில்,
ஜூலையில் உறைபனி கடிக்கும் இடத்தில்.

வருஷம் கழித்து மூன்று காகித உறைகள்
என் மேசைக்கு வந்தன.
வல்லாரை. உலர்ந்தது. நாற்பது நாற்பது கிராம்.

ஓடைக்கரை இலை பிஸ்கட் அகலம்,
தின்று கொழுத்த பிள்ளையின் கன்னம்.
டென்டர்ஃபீல்டு இலையோ சட்டைப் பொத்தான்,
ஓரம் சிவந்து, எதற்கோ முறைத்துக்கொண்டு.

அரைத்தேன். மெத்தனாலில் ஊறவைத்தேன். வடிகட்டினேன்.
கருவி தன் பாட்டுக்கு முனகியது.
திரையில் கோடு படுத்துக் கிடந்தது, கிடந்தது,
பதினோராம் நிமிஷம் எழுந்து நின்றது.
ஆசியாட்டிகோசைட்:
கொழுத்த இலையில் ஓர் எறும்புப் புற்று,
பொத்தான் இலையில் பனைமரம்.

பசியும் குளிரும்தான் மருந்தாகும் என்று
உடனே ஒரு வரி தோன்றியது.
அடித்துவிட்டேன்.
பாலினாவும் பட்டினிதான்; அங்கே பனை இல்லை,
பக்கத்தில் வேறொரு மேடு,
எனக்குப் பெயர் தெரியாதது.
செடி தத்துவம் பேசுவதில்லை.
பூச்சி வந்தால் பூச்சிக்கு, வெயில் அடித்தால் வெயிலுக்கு
உள்ளே ஏதோ சமைத்துக்கொள்கிறது.
மருந்து என்பது நாம் வைத்த பெயர்.

நொரீன் தொலைபேசியில் கேட்டாள்:
"மூன்றில் எது அசல்?"
வாங்குகிறவன் சான்றிதழில் ஒரே எண்தான் கேட்கிறானாம்.
மூன்றும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. விற்க வேண்டியவள் அவள்.

மார்ச்சில் நாலாவது உறை.
ஊர் இல்லை, தேதி இல்லை.
உள்ளே துண்டுக் காகிதம்: "கண்டுபிடி பார்க்கலாம்."

எனக்குக் கொஞ்சம் கர்வம்,
மண்ணின் கையெழுத்தை வாசிப்பவன் அல்லவா.
பனை நடுத்தர உயரம்,
பன்னிரண்டில் மாட்டுத் திமில் போல ஒன்று,
எரித்த சாம்பலில் சுண்ணாம்பு அதிகம்.
கடலோரம், சிப்பி கலந்த மண், பைரன் பக்கம்
என்று எழுதி அனுப்பினேன், தசமப் புள்ளிகளோடு.

பதிலுக்கு ஒரு புகைப்படம்.
காங்கிரீட் படி. அதன் வெடிப்பில் பச்சை.
ஏ.சி. தண்ணீர் சொட்டும் குழாய்.
கைப்பிடியில் பெயின்ட் உரிந்த அந்த இடம்…
எங்கள் ஆய்வகத்தின் பின்வாசல்.
ஆறு வருஷமாய்ச் சாப்பாட்டுப் பெட்டியோடு
நான் மிதித்து ஏறும் படி.

படியின் சிமென்ட்டைத்தான்
சிப்பி என்று படித்திருக்கிறேன்.

மத்தியானம் போய்க் குனிந்து பார்த்தேன்.
வெள்ளம் வந்துபோன சேற்றுக்கோடு
சுவரில் என் நெஞ்சுயரத்துக்கு இன்னும் இருக்கிறது.
அதோடு மிதந்து வந்திருக்கலாம் ஒரு கணு.
வராமலும் இருக்கலாம், இனி ஊகம் வேண்டாம்.
ஓர் இலையைக் கிள்ளி மென்றேன்.
கசந்தது.
எவ்வளவு என்று நாக்கு எண் சொல்லவில்லை.

மேலே வந்து அறிக்கையைத் திறந்தேன்.
'விளைந்த இடம்' என்ற கட்டத்தில்
பைரனை அடித்துவிட்டு எழுதினேன்:
பின்வாசல், கீழிருந்து இரண்டாம் படி.