நான்கு கிலோ முந்நூறு

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தேன்.
கதவை ஒருக்களித்துத் திறந்து
இடுக்கில் காலை வைத்தேன்,
அவன் வெளியே பாய்ந்துவிடாதபடி.
யாரும் பாயவில்லை.

குளியலறையில் கிடந்தான் பிபிரஸ்.
மிளகு என்று அர்த்தம்; மூக்கில் கறுப்புப் புள்ளிகள்.
முன்னங்கால்களால்
தன் பாதி உடம்பை இழுத்துக்கொண்டு
என்னிடம் வந்தான்.
அப்படியொரு குரல் அவனிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.
நேற்று மாலைகூட என் தட்டிலிருந்து
மீன்தலையைத் திருடியவன்.

டாக்சிக்கார எய்மான்டஸ்
வழியெல்லாம் கூடைப்பந்து பேசினார்.
பேசட்டும் என்று இருந்தது.

பின்னங்கால் நகமொன்றை
ஒட்ட வெட்டினார் டாக்டர் அவுஷ்ரினே.
ரத்தம் வரவில்லை.
"தொட்டுப் பாருங்கள்."
ஜனவரித் தண்டவாளம்போல் இருந்தது பாதம்.
முன்னங்கால் மட்டும் வெதுவெதுப்பாக
என் கட்டைவிரலைப் பற்றியிருந்தது.

இதயத்தில் வெகுநாளாகக் கோளாறாம்.
அங்கே உறைந்த ஒரு துளி நகர்ந்துபோய்
கால்களுக்கான வழியை அடைத்துவிட்டதாம்.
வெகுநாளாக.
அந்த வெகுநாளும்
என் மார்பின்மேல்தான் தூங்கினான்.

கிளைபேடா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் கப்பலில் வைப்பேன்.
அந்த மேசையில் எடை
நான்கு கிலோ முந்நூறு காட்டியது.
டாக்டர் கேட்டதற்கு
தலையாட்ட மட்டும் முடிந்தது.

ஊசிக்கு முன் என் சட்டைக் கையை முகர்ந்தான்.
கிரீஸ், டீசல், அவனுக்குப் பிடித்த நாற்றம்.
பிறகு ஸ்டெதஸ்கோப்.
பிறகு, "ம்."

எத்தனை மணிக்கு ஆரம்பித்திருக்கும்?
ஷிஃப்ட் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.
பன்னிரண்டிலிருந்து ஐந்துவரை
நூற்றுப் பதினான்கு பெட்டிகள்.
அவற்றில் ஏதோ ஒன்று
என் கையில் தொங்கிக்கொண்டிருந்தபோது
அவன் கத்தத் தொடங்கியிருக்கிறான்.
எது என்று பதிவேட்டில் இல்லை.

"பூனைதானே, ஸ்கைத்ரே" என்றான் தோமன்டஸ்,
தெர்மாஸ் மூடியில் எனக்குத் தேநீர் ஊற்றியபடி.
நல்லவன்தான்.
ஆமாம், பூனைதான்.
வேறெதுவாகவும் இருந்திருக்க வேண்டியதில்லை அவன்.

மருத்துவமனை பில் இன்னும் கோட்டுப் பையில்.
மீன்தலைகளை இப்போது
கடைக்காரியிடமே விட்டுவருகிறேன்; அவள் ஏனென்று கேட்கவில்லை.

இன்று காலையும் கதவை ஒருக்களித்துத்தான் திறந்தேன்.
இடுக்கில் கால்.
கொஞ்சநேரம்
எடுக்கவில்லை.