பதினொன்று கூடுதல்

மற்ற கடைகளில் கணக்கெடுத்தால் குறையும்.
ஒன்று திருட்டு, ஒன்று கரையான்,
ஒன்று மருமகன் இரவல் வாங்கிப்போனது.
இரிபார்னே புத்தகக் கடையில்
ஆண்டுதோறும் கூடும்.
பதினொன்று. மிகச் சரியாகப் பதினொன்று.

ஜனவரி. சால்ட்டோ நகரம்
கதவடைத்துக்கொண்டு வேர்க்கிறது.
ஆறுகூட நகரச் சோம்பும் மதியம்.
நான் ஏணிமேல். அண்ணன் வால்டெமார் கீழே,
அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே,
ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் நடுவில் எண்ணுகிறான்.
எண்ணிக்கை தவறுவது அதனால்தான் என்று
இருபது வருடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அதனால் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

எழுபத்தைந்தில் ஒரு கேப்டன் வந்தான், பட்டியலோடு.
அப்பா மூக்குக்கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.
'நேற்றே எரித்துவிட்டேன்' என்றார்.
பேரேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே
எரிந்தது, எரிந்தது என்று
பதினொரு முறை எழுதிக்
கையெழுத்தும் முத்திரையும் வைத்தார்.
கொல்லையில் உண்மையாகவே சாம்பல் இருந்தது,
விற்காமல் கிடந்த ஏழு வருடப் பழைய டைரிகள்.
புத்தகங்களோ
சுருட்டிய வரைபடங்களுக்குப் பின்னால்.
பராகுவாய் வரைபடம் கேட்டு
எங்கள் ஊரில் ஒருவரும் வந்ததில்லை.

ராணுவம் போனது. அப்பாவும் போனார்.
பேரேட்டைத் திருத்த யாருக்கும் கை வரவில்லை.
அந்த மையில் ஓர் எழுத்துகூட நடுங்கவில்லை.
அதை அடித்து எழுத நான் யார்?

புத்தக வியாபாரம் என்கிறோமே,
எங்களுக்குச் சோறு போடுவது ஜெராக்ஸ் இயந்திரம்.
அடையாள அட்டை, உயில், விவாகரத்து,
மாட்டுக்கு ஊசி போட்ட சான்றிதழ்.
மார்ச்சில் பள்ளி திறந்தால் பசையும் அளவுகோலும்.
கவிதைப் புத்தகம் ஒன்று போனால்
வால்டெமார் கல்லாவைத் தட்டித் தாளம் போடுவான்.
வருடத்துக்கு நாலு தாளம். மிஞ்சினால் ஐந்து.
மொந்தேவிதேயோவிலிருந்து சித்தப்பா மகன்
மாதம் தவறாமல் கேட்கிறான்,
மருந்துக்கடைக்காரன் நல்ல விலை தருகிறானாமே?

ஆகஸ்டில் யாமிலா வந்தாள்,
கால்நடை மருத்துவரிடம் வேலை பார்ப்பவள்,
ரப்பர் பூட்ஸில் சேறு.
இயந்திரம் தாளைக் கடித்துக்கொண்டது.
அண்ணன் அதன் வயிற்றைத் திறந்து
கையை விட்டுத் துழாவுகிற நேரத்தில்
அவள் பராகுவாயை நகர்த்தியிருக்கிறாள்.

'இது எவ்வளவு?'

பின்னட்டையில் பென்சிலால் ஒரு விலை,
மூன்று மூன்றாய் இருமுறை சைபர் வெட்டப்பட்ட
பழைய பெசோவில்.
கம்ப்யூட்டரில் தேடினேன், இல்லை.
பேரேட்டில், எரிந்தது.
வால்டெமார் மை படிந்த விரல்களோடு என் காதருகே,
'சாம்பலுக்கு என்ன விலை சொல்வாய்? விற்காதே.'
'விற்கத்தானே கடை?'
'இதையா?'
அவளோ நின்றபடியே எட்டாம் பக்கத்துக்குப் போய்விட்டாள்,
ஒரு பூட்ஸால் மற்றக் காலைச் சொறிந்துகொண்டு.

நூற்று நாற்பத்து நான்கு பக்கங்கள்.
பில்லில் எழுதினேன்: நகல், 144.
மாட்டுச் சான்றிதழ் ஐந்தையும் சேர்த்துக் கூட்டினேன்.
பில்லைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஊசிச் சீட்டுகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு
மோட்டார் சைக்கிளை உதைத்தாள்.
கல்லாவில் தாளம் இல்லை அன்று.
இயந்திரத்தை மூடி,
மறுபடி திறந்து, மறுபடி மூடினான்.

இந்த ஜனவரியில் பத்து.
கணக்காளர் பென்தான்கோர் போன் செய்கிறார்,
அரை நூற்றாண்டில் முதல் முறையாகக் கவலையோடு:
'ஒன்று குறைகிறதே, நெல்பா. திருட்டா?
ஒரு கேமரா வையுங்கள்.'

வைக்கலாம் என்றேன்.
எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்பதில்
அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் தகராறு.
வரைபடங்கள் பக்கம் வேண்டாம் என்கிறான்.