ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு

புளியரை எடைமேடையில் இரவுப் பணி எனக்கு,
பதினோரு வருஷமாக.
மலைக்கு அந்தப் பக்கம் போகிற எம்-சாண்ட் லாரி
தகட்டின் மேல் ஏறி நிற்கும்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தள்ளாடி
ஓரிடத்தில் அமரும்.
அமரும் வரை பொத்தானைத் தொடமாட்டேன்.
வேலை அவ்வளவுதான்.

பங்குனியில், ரசீது கிழிக்கும்போது, முதல் தடவை.
பாரவண்டி இறங்கியதும்
தகடு ஒரு நொடி சும்மா கிடந்து
பிறகு டொம்மென்று எழும்புமே,
அப்படி, நெஞ்சுக்குள்.
மேடையில் அப்போது வண்டி எதுவும் இல்லை.

இதே நாற்காலியில் பகலில் உட்கார்ந்தவர் இசக்கியப்பன்.
போன ஐப்பசியில் டீ வாங்கப் போனவர்
பிளாஸ்க்கோடு கடை வாசலில் சரிந்தார்.
பேரேட்டில் இன்னும் அவர் கையெழுத்து.
ஒன்பதுகளுக்கு வால் நீளம்.

பங்குனியிலிருந்து இரண்டு விரல் மணிக்கட்டில்.
அரிசி களைந்து முடித்ததும், பஸ்ஸில்,
மகன் பள்ளியில் கணக்கு டீச்சர் என்னிடம்
ஏதோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு,

ஆறு.
எண்ண எண்ணக் கூடியது.

தென்காசியில் டாக்டர் ரிஸ்வானா
நெஞ்சில் ஒயர் ஒட்டி, இடுப்பில் டப்பா கட்டி
ஒரு நாள் முழுக்கக் கழற்றக் கூடாது என்றார்.
அதோடுதான் வேலைக்கு வந்தேன்.
“எந்தா சேச்சி, போலீஸ் மைக்காணோ?” என்றான்
புனலூர் குஞ்சுமோன்.
அன்று மட்டும் மரியாதையாகப் பேசினான்.

அடுத்த வாரம் தாள் வந்தது.
ஒரு நாளுக்கு லட்சத்து மூவாயிரம் துடிப்பு.
அதில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு
வரிசையில் நிற்காதவை.
“எதுவும் விட்டுப்போகலம்மா.
ஒண்ணு முந்திக்கிட்டு வருது.
அதனால பின்னால ஒரு இடைவெளி,
அடுத்தது பலமா அடிக்குது.
எக்கோவுல ஒரு குறையும் இல்ல.”
மாத்திரை?
“வேண்டாம். டீயைக் குறைங்க. ராத்திரி நல்லாத் தூங்குங்க.”
என்ன வேலை என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

நிம்மதி என்னோடு பஸ் ஏறி
செங்கோட்டை வரை வந்தது.
அங்கே இறங்கிக்கொண்டது.

பிறகு நடந்ததற்குத் தேதி போட முடியாது.
சாரல் பிடித்த ஒரு ராத்திரி, மேடை காலி.
எஸ் வளைவில் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது.
உறுமல் அறுந்தது.
தவளைச் சத்தம் மட்டும்.
கியர் விழுந்து
முன்னைவிடப் பெரிதாய் உறுமி மேலேறியது.

பதினோரு வருஷம் இதைக் கேட்கிறேன்.
அந்த இடைவெளியில் ஒரு நாளும்
வண்டி உருண்டுவிட்டது என்று
நான் எழுந்து ஓடியதில்லை.
கால் கிளட்ச்சில் இருக்கிறது என்று
என் காதுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
நேற்றுகூட குளியலறையில் நின்று
நாற்பது வரை எண்ணினேன்.
விரல் மணிக்கட்டுக்குப் போகிற வழியில்
கியர், கியர் என்று சொல்லிப் பார்க்கிறேன்.
சில நேரம் கேட்கிறது.
டீயைக் குறைக்கவில்லை.

மணி மூன்றரை. குஞ்சுமோன் வண்டி தகட்டில்.
எண்கள் தள்ளாடிக்கொண்டிருக்கும்போதே
உள்ளே ஒன்று முந்திக்கொண்டது.
அப்புறம் அந்தச் சும்மா.
டொம்.
இரண்டும் அமரட்டும் என்று இருந்தேன்.

“சேச்சி, எத்ர?”

ஆயிரத்து நானூற்று, என்று
வாய் தொடங்கியேவிட்டது.
விழுங்கிக்கொண்டு
முப்பத்திரண்டு டன் என்றேன்.
ரசீது ஓரம் பிசகாமல் கிழிந்தது.